பை இல்லாத உடுப்பு

வானம்பாடி கப்பல் திரும்பி வந்த சேதி லண்டன் ராட்கிளிஃப் கரைக்கு எட்டுவதற்கு முன்னாலேயே கம்பெனியின் துணிக்கட்டு தையல்காரி அவிஸ் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிட்டது. எந்தக் கப்பல் வந்தது, எது முழுகிப்போனது என்று கம்பெனிக்காரர்கள் ஊருக்குத் தண்டோரா போடுவதில்லை. ஆனால் கித்தான் துணியையும் நூல்கண்டையும் மெழுகையும் ஒன்றாகக் கட்டி, "பதினாலு பேருக்கு, வியாழக்கிழமைக்குள்ள" என்று ஒரு ஆள் போட்டுவிட்டுப் போனால், கீழே பிளாக்வால் துறையில் ஏதோ ஒரு கப்பல் மிளகோடும் கிராம்போடும் நங்கூரம் போட்டிருக்கிறது என்று அர்த்தம். லண்டன் பட்டணத்தில் கம்பெனிப் பங்காளிகள் பலருக்கே அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்திருக்கும்.

சுமைகாரர்கள் பதினாலு பேர். கப்பலின் அடித்தட்டில் இறங்கி, குவிந்து கிடக்கிற மிளகை மண்வெட்டியால் அள்ளி மூட்டை கட்டிப் படகில் ஏற்றுகிற வேலை. அவர்கள் சொந்த உடுப்போடு இறங்கக் கூடாது. கம்பெனி கொடுக்கிற உடுப்போடுதான் இறங்க வேண்டும். அந்த உடுப்பில் பை கூடாது.

பை கூடாது என்பது மட்டும் என்றால் எந்தக் கழுதையும் தைத்துவிடும். கழுத்துப்பட்டி மடிக்கக் கூடாது. மடிப்புக்குள் நாலு கிராம்பு சொகுசாக உட்காரும். கைநுனியைத் திருப்பித் தைக்கக் கூடாது. உள்துணி கூடாது, சுருக்கம் கூடாது. தையல் சப்பையாக இருக்க வேண்டும், விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கம்பெனியின் சோதனைக்காரர் விகாம் ஒவ்வொரு உடுப்பையும் மேசையில் விரித்துப் போட்டு, மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதுபோலத் தையல் தையலாகத் தடவிப் பார்ப்பார். ஒன்பது வருசமாக அவிஸ் பாஸ்க் தைத்த துணியில் அவருக்கு ஒரு நக இடுக்குக்கூட அகப்பட்டதில்லை. அவிஸுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும், கர்வப்பட அவளுக்கு வேறு என்ன இருந்தது.

அந்த முறை கட்டு வந்தபோது அவளுக்குப் பல்வலி. கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல். பத்து நாளாகக் கன்னம் வீங்கி, கம்பளித் துணியை மோவாயோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தாள். நவம்பர் மாசத்து ஈரம் வேறு. ஆற்றிலிருந்து எழும்புகிற பனிமூட்டம் கூரைக்குக் கீழே வந்து குந்திக்கொண்டு போகமாட்டேன் என்றது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் புருசன் கில்பர்ட் வந்தார். சேறு அப்பிய செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்பில் கிடந்த பட்டாணிக் கூழைக் கிண்டிப் பார்த்தார்.

"எந்தக் கப்பலுங்க?"

அவர் கூழையே கிண்டிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன். பல்வலி எனக்கா உங்களுக்கா? வாயத் தொறந்தா என்ன?"

"வானம்பாடிதான்."

கத்தரிக்கோல் துணியிலேயே நின்றது. மூன்று வருசத்துக்கு முன்னால், மார்ச் மாசத்தில், பியர்ஸ் ஏறிப்போன கப்பல். அவர்களுடைய ஒரே பிள்ளை. போகும்போது அவனுக்குப் பத்தொன்பது வயசு. இப்போது மீசை முளைத்திருக்கும்.

"எம்புள்ள வந்துட்டான்" என்றாள் அவிஸ். வீங்கின கன்னத்தோடு அவளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

"கப்பல் வந்திருக்கு" என்றார் கில்பர்ட். "கப்பல்தான் வந்திருக்கு, அவிஸ்."

"இருக்கட்டும். கப்பல் வந்தா ஆளும் வருவான்ல? அவன் என்ன அதைத் தொறட்டி போட்டு இழுத்துக்கிட்டா வரணும்? நீங்க ஏன் இப்படி மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க? ஒரு நல்ல வார்த்த சொல்லத் தெரியாத மனுசன்."

கில்பர்ட் அப்படித்தான். முப்பது வருசமாகச் சுமை தூக்கித் தூக்கி அவருக்குத் தோளும் கழுத்தும் ஒன்றாகிப் போயிருந்தன. பேச்சும் அதற்குள்ளேயே அழுந்திவிட்டதென்று பக்கத்து வீட்டு பெட்ரனெல் சொல்வாள். ஆனால் அந்தக் கரையில் மிளகு தூக்குகிற பதினாலு பேரில் ஒரு மிளகைக்கூட நாக்கில் போட்டுப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான் என்பது விகாமுக்கே தெரியும். தெரிந்தும் சோதிப்பார். அது கம்பெனிக்காரன் புத்தி.

வியாழக்கிழமை காலையில் பதினாலு உடுப்பையும் தள்ளுவண்டியில் வைத்து அவிஸும் பெட்ரனெலும் பிளாக்வாலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெட்ரனெல் விலாங்கு மீன் விற்கிறவள். அவள் புருசன் கில்பர்ட்டோடு மிளகு தூக்குகிறவன், கடல் பயணம் போகாதவன். அவளுக்கு அங்கே ஒரு காரியமும் கிடையாது. அவிஸைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

விகாம் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவிஸ் நகராமல் நின்றாள்.

"ஐயா, எம்மகன் இந்தக் கப்பல்ல போனவங்க. பியர்ஸ் பாஸ்க். உசுரோட இருக்கானா இல்லையான்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"சரக்கு எறங்கட்டும்மா. எறங்கின பெறகு பட்டியலை வாசிப்பாங்க."

"எத்தன நாளாகும்?"

"மூணு வாரம். மழை பேஞ்சா நாலு."

இது கம்பெனி போட்ட விதி. செத்தவன் பெயரை முதலில் சொல்லிவிட்டால் பெண்டாட்டியும் தாயும் வந்து கரையில் விழுந்து கதறுவார்கள், சுமைகாரன் கை ஓடாது, சரக்கு நனையும். அதனால் அடித்தட்டு துடைத்துச் சுத்தமாகிற வரைக்கும் கப்பல்காரன் ஒருத்தனும் இறங்கக் கூடாது, வெளிப்படகு எதுவும் கிட்டே போகக் கூடாது. மிளகு முதலில் இறங்க வேண்டும். மனுசன் சேதி பிறகு.

கரையில் பெண்கள் இருபது முப்பது பேர் நின்றார்கள். நட்டாற்றில் வானம்பாடி, பாய்மரம் ஒன்று முறிந்து, பக்கமெல்லாம் பாசி பிடித்து நின்றது. நூற்றுப் பதினெட்டுப் பேரோடு போன கப்பல். தட்டில் நடமாடியவர்கள் நாற்பதுகூடத் தேற மாட்டார்கள். எண்ணிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. காற்று எதிர்க்காற்று. இவர்கள் கத்தியது இவர்கள் வாய்க்கே திரும்பி வந்தது.

அவிஸ் மோவாய்த் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, இரண்டு கையையும் வாயோடு குவித்துக் கத்தினாள்.

"பியர்ஸ்! எலே பியர்ஸ்! அம்மாடா!"

"அக்கா, உன் சத்தத்துக்குக் கப்பல் நங்கூரத்த அறுத்துக்கிட்டு ஓடிரப்போகுது" என்றாள் பெட்ரனெல்.

மூன்றாவது தரம் கத்தினபோது கப்பலின் பின்பக்கம் நின்ற ஒரு ஒல்லிக்குச்சி உருவம் கையைத் தூக்கி ஆட்டியது. ஒரு தரம். பிறகு கையை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டது.

"பாத்தியா? பாத்தியாடி? அவன்தான்! எம்புள்ள கை ஆட்டுறான்!"

"அவன்தானாக்கா? இம்புட்டு தூரத்துல..."

"பெத்தவளுக்குத் தெரியாதா? இளைச்சுப் போயிட்டான், அதான். என்னத்தப் போட்டிருப்பானுங்க, புழுத்த ரொட்டியத்தானே போட்டிருப்பானுங்க."

திரும்புகிற வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பல்வலி போன இடம் தெரியவில்லை. பெட்ரனெல் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை கில்பர்ட் வேலைக்குப் போனார். போவதற்கு முன்னால் பதினாலு பேரும் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். கப்பல் ஆட்களோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, அவர்கள் கையிலிருந்து ஒரு துரும்பும் வாங்குவதில்லை. மீறினால் அன்றோடு வேலை போகும், ஆளையும் சும்மா விடமாட்டார்கள். சாயங்காலம் படித்துறையில் இறங்கும்போது தொப்பி, செருப்பு, தலைமுடி, வாய் எல்லாம் பார்த்துத்தான் விடுவார்கள்.

அவிஸ் அன்றைக்கு உப்பு ஹெர்ரிங் மீனை வெண்ணெயில் வாட்டி, இரண்டு வெங்காயம் அரிந்து போட்டு வைத்திருந்தாள். அவர் உள்ளே வரும்போதே மிளகு நெடி முன்னால் வந்தது. கண் இரண்டும் கோவைப்பழம்.

"பாத்தீங்களா?"

"யாரை?"

"யாரையா! உங்களை என்ன பண்ணலாம்? எம்புள்ளையப் பாத்தீங்களான்னு கேக்குறேன்."

"பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்கல்ல."

"பேசக் கூடாதுன்னுதானே வாங்கினாங்க? கண்ணையுமா வாங்கிட்டாங்க?"

"நாங்க இருக்கிறது அடித்தட்டுல. மேல யாரு நடக்குறா, பக்கத்துல யாரு நிக்குறா, ஒண்ணும் தெரியாது. ஒரே தூசி. கண்ணு திறக்க முடியல."

மீனை அவர் தொடவில்லை. ரொட்டியைப் பீரில் நனைத்து நனைத்து, அது தட்டிலேயே கரைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் சரக்கு இறங்குகிற முதல் நாள் எல்லாச் சுமைகாரனுக்கும் அப்படித்தான் இருக்கும், தொண்டை எரியும், கண் வீங்கும் என்று அவிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமையும் அதே கண். அதே பதில். அவளுக்குப் பல்வலி திரும்பி வந்துவிட்டது. கன்னத்தைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு அனத்தினாள்.

"ஊரு பூராவும் கிராம்பு மணக்குது. இந்தக் கரையில காத்துலகூட கிராம்பு வருது. எம்பல்லுல வைக்க ஒண்ணே ஒண்ணு கெடைக்கல. ஒம்போது வருசமா இந்தக் கம்பெனிக்குத் தைக்கிறேன், ஒரே ஒரு கிராம்பு, ஒரு சின்னக் கிராம்பு. என்ன கொறஞ்சு போயிரும் இவனுங்களுக்கு?"

"பிடுங்கிட்டா சரியாப்போயிரும். நாவிதன்கிட்ட போயேன்."

"ஆமா, பெட்ரனெலுக்கு நல்ல பல்லா பாத்துப் பிடுங்கின பய. அவன்கிட்டயா? நான் செத்தா உங்களுக்கு நிம்மதிதான்."

"சாவு கீவுன்னு பேசாத" என்று கில்பர்ட் கத்தினார். முப்பது வருசத்தில் அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. பிறகு எழுந்து வெளியே போய், மழைத் தூறலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து கதவைச் சாத்தினார். கம்பெனி உடுப்பை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இதுல ஒரு பை வேணும்."

அவள் முதலில் கேலி என்று நினைத்தாள். அவர் கேலி பேசுகிற ஆள் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"என்ன வேணும்?"

"பை. சின்னது. கட்டைவிரல் உள்ள போற அளவுக்கு. வெளிய தெரியக் கூடாது. நீதான் தைக்க முடியும்."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இன்னிக்கு ஞாயித்துக்கெழமை. ஓய்வுநாள்ல ஊசி எடுக்கச் சொல்றீங்க. அதுவும் கம்பெனித் துணில பை வைக்கச் சொல்றீங்க! எதுக்கு?"

"கேக்காத."

"கேக்காம? கோபுரத் தெருக்காரன் ஜாஸ்பருக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? வாயில ஒரு பிடி கிராம்ப அடக்கிக்கிட்டு வந்தான். வண்டிக்குப் பின்னால கட்டி லைம்ஹவுஸ் வரைக்கும் சாட்டையால அடிச்சுக்கிட்டே போனாங்களே. முதுகுத்தோலு கிழிஞ்சு தொங்குச்சே. அவன் பொண்டாட்டி எங்க இருக்கா இப்ப? யாருக்காவது தெரியுமா?"

"நாளைக்கு ஒரு நாளுக்குத்தான், அவிஸ். ஒரே நாள். அப்புறம் நீயே பிரிச்சுரு."

"எதுக்குன்னு சொல்லுங்க, தைக்கிறேன்."

அவர் அவளைப் பார்த்தார். வீங்கின கன்னத்தைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்றேன். வந்து சொல்றேன். நான் உங்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணு கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அதுதான் அவளை அடித்தது. கன்னத்தைப் பார்த்த அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்காகத்தான். நேற்று நான் கிராம்பு கிராம்பு என்று அனத்தினேன். இந்த மனுசன் முப்பது வருச நாணயத்தைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டு எனக்கு ஒரு கிராம்பு கொண்டுவரப் போகிறார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. எந்த வாயால் கேட்டேனோ அந்த வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டார். பேசாத ஆளின் பிடிவாதம் பேசுகிறவனுக்கு வராது. இவள் தைக்காவிட்டால் ஜாஸ்பரைப்போல வாயில் அடக்குவார், இல்லை செருப்பில் வைப்பார். நேராக விகாம் கையில் போய் விழுவார். அவள் ஜன்னல் பலகையைச் சாத்திவிட்டு, அடுப்பு வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்தாள்.

கைக்கும் உடம்புக்கும் நடுவே, அக்குளில், கை தூக்க வசதியாக ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்கள். அந்த இடத்தில் வேர்வை ஊறித் துணி தடித்துக் கிடக்கும், யாரும் விரலை வைக்க மாட்டார்கள். விகாமும் ஒரு தரம் வைத்துவிட்டு விரலை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தவர்தான். அவிஸ் அதே அளவில் இன்னொரு துண்டு வெட்டி, உள்பக்கமாக அதன்மேல் படிய வைத்துத் தைத்தாள். மேலே விரல் நுழைய வாய் விட்டாள். ஒன்பது வருசமாகப் பையில்லாமல் தைத்த கை. ஆனாலும் அவ்வளவு அழகாகப் பை வைக்க அந்தக் கரையில் வேறு யாராலும் முடியாது.

கடைசிப் பக்கம் தைக்கும்போது கை நின்றது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அடிப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தைக்காமல் விட்டு, நூலை முடிச்சுப் போட்டு அறுத்தாள்.

மேலே இருந்து பார்த்தால் பை. விரலை விட்டால் பை. ஆனால் அடி கிடையாது. உள்ளே போடுகிற கிராம்பு இரண்டு மூட்டை தூக்குவதற்குள் விலா வழியே இறங்கி, கால் வழியே கீழே விழுந்து, கம்பெனி மிளகோடு கலந்துவிடும். படித்துறைக்கு வரும்போது அவரிடம் ஒன்றும் இருக்காது. கையைத் தூக்கச் சொன்னாலும் தூக்கட்டும், உரித்துப் பார்த்தாலும் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து பார்த்து ஏமாந்துபோவார், அவ்வளவுதானே? திட்டினால் திட்டட்டும். வலி எனக்குப் பழகிப்போனது.

"தச்சாச்சு" என்று கொடுத்தாள்.

அவர் மேலே விரலை விட்டுப் பார்த்தார். அடியைப் பார்க்கவில்லை. அவள் தைத்ததை யார் அடி வரைக்கும் பார்ப்பார்கள். குனிந்து அவள் தலையில் ஒரு முத்தம் வைத்தார். அப்படியெல்லாம் செய்கிற மனுசனும் இல்லை அவர்.

திங்கட்கிழமை முழுக்க அவிஸுக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு சட்டையைத் தைக்க எடுத்து, தப்பாகத் தைத்து, பிரித்தாள். மூன்று மணிக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. பெட்ரனெல் ஒரு கிண்ணத்தில் விலாங்கு மீன் சாறு கொண்டு வந்தாள்.

"மெல்ல வேண்டாம்க்கா, அப்படியே குடி. என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லடி. படித்துறைப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டுச்சா? யாரையாவது பிடிச்சாங்களா?"

"யாரைப் பிடிக்கணும்?" பெட்ரனெல் அவளையே பார்த்தாள். பிறகு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அக்கா, அண்ணன் உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"எதை?"

"இல்ல, சும்மா கேட்டேன். சாறு ஆறிரும், குடி." அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நாலரைக்குக் கில்பர்ட் வந்தார். நனைந்திருந்தார். அடிபடவில்லை, ஆளும் பின்னால் வரவில்லை. அவிஸுக்கு உயிர் வந்தது. கர்த்தரே, தப்பித்தோம். இனி இவர் பையைத் தடவி ஏமாறப் போகிறார், நான் சிரித்துக்கொண்டே விசயத்தைச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள்.

அவர் கதவைத் தாழிட்டார். முக்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவிஸ். பியர்ஸ் இல்லை."

"எங்க இல்லை?"

"நம்ம புள்ள இல்லை. செத்துப்போயிட்டான்."

"கை ஆட்டினானே" என்றாள்.

"அது ராஃப். கப்பல்ல அவனோட ஒண்ணாத் திரிஞ்ச பய. நீ பேர் சொல்லிக் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்கு. என்ன செய்றதுன்னு தெரியாம கையத் தூக்கியிருக்கான். வெள்ளிக்கெழமை அடித்தட்டுல எம்பக்கத்துல வந்து நின்னு, நீங்க பியர்ஸோட அப்பாதானேன்னு கேட்டான். நான் சத்தியத்த மீறி ஆமான்னுட்டேன். பாந்தாம் துறைமுகத்த விட்டுக் கிராம்புத் தீவுக்குப் போற வழியில, பதினோரு நாள்ல. வயித்துக்கடுப்பு. போகப் போக ரத்தமாப் போயிருக்கு. ராஃப் மடியிலதான் தலைய வச்சிருந்தானாம்."

அவிஸ் அழவில்லை. அழுகை எங்கேயோ நின்றது, வரவில்லை.

"எங்க பொதைச்சாங்க?"

"நடுக்கடல்லம்மா. கித்தான்ல வச்சுத் தச்சு, கால்ல பீரங்கிக் குண்டக் கட்டி இறக்கிட்டாங்க."

"யாரு தச்சது?"

"ராஃப்தான்."

"ஒழுங்காத் தச்சானாமா?"

கில்பர்ட் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"வெள்ளிக்கெழமையே தெரியும். மூணு நாளா உம்மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு. வெறுங்கையோட வந்து எப்படிச் சொல்றது, உம்புள்ள இல்லன்னு? குழி கூட இல்ல, போயி நின்னு அழ. அவன் பெட்டி, சட்டை, கத்தி, எல்லாத்தையும் பாய்மரத்தடியில வச்சு ஏலம் போட்டுட்டாங்களாம். அதுதான் கப்பல் வழக்கம். ஆனா தைக்கிறதுக்கு முன்னால ராஃப் அவன் முடியில ஒரு கத்தைய அறுத்து, சணல் நூல்ல சுத்தி, தன்கிட்டயே மறைச்சு வச்சிருந்திருக்கான். அம்மாட்ட குடுக்கணும்னு ரெண்டு வருசமா வச்சிருந்திருக்கான். எனக்குக் கொண்டுவர வழி? மடி இல்ல, மடிப்பு இல்ல. கையில புடிச்சா விரலப் பிரிப்பாங்க, வாயில வச்சா வாயத் தொறக்கச் சொல்வாங்க. கப்பல்காரன் கையில வாங்கினேன்னு சொன்னா அதையும் பிடுங்கித் தண்ணியில எறிவாங்க. அதான் உங்கிட்ட பை கேட்டேன்."

அவர் சொல்லச் சொல்ல அவிஸின் கை மெல்ல அவள் வாய்க்குப் போயிற்று. முடி என்ற சொல்லைக் கேட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வலக்கையை மடக்கி இடது அக்குளுக்குள் விடுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும், தேடாதீர்கள் என்று சொல்ல நினைத்தாள்.

கில்பர்ட் விரலை விட்டுத் துழாவினார். எழுந்து நின்று துழாவினார். உடுப்பைத் தலை வழியாக உருவி, மெழுகுவர்த்தியருகே பிடித்து உதறினார். நாலைந்து மிளகுதான் தரையில் சிதறி உருண்டது. பைக்குள் விட்ட விரல் அடிவழியாக வெளியே வந்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மத்தியானம் வாங்கி வச்சேன். வச்சது ஞாபகம் இருக்கு. கைய இறுக்கி ஒட்டிக்கிட்டேதான் நின்னேன். ஆனா ரெண்டு கையும் தூக்காம மூட்டைய எப்படிப் பிடிக்கிறது... விழுந்திருக்கு. எங்கயோ விழுந்திருக்கு. பாவி, நான் பாவி, ஒரு பிடி முடியப் பத்திரமாக் கொண்டுவரத் துப்பில்லாத பாவி..." செருப்பைத் தேடினார். "மிளகோட சேத்து அள்ளியிருப்பாங்க. இல்ல, பலகை மேல கெடக்கும். போறேன். விகாம் கால்ல விழுறேன்."

"எங்கயும் போகாதீங்க."

"தையல் பிரிஞ்சிருக்கு, அவிஸ். பாரு. உந்தையல் பிரியவே பிரியாதே. என் கை பட்டுத்தான் பிரிஞ்சிருக்கும்."

"பிரியல" என்றாள் அவிஸ். "நாந்தான் விட்டேன்."

அவருக்குப் புரியவில்லை.

"அடிய நாந்தான் தைக்காம விட்டேன். எம்பல்லுக்குக் கிராம்பு எடுக்கப் போறீங்கன்னு நெனச்சேன். விழுந்துரட்டும்னு விட்டேன். உங்களை அடிச்சுருவாங்கன்னு... உங்க முதுகு கிழிஞ்சுரும்னு..."

கில்பர்ட் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றிருந்தது. வெளியே ஆற்றில் கடல்நீர் ஏறிக்கொண்டிருந்தது, படகுகள் படித்துறைக் கல்லில் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெட்ரனெல் வீட்டில் யாரோ மெதுவாகப் பேசினார்கள். அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் தவழ்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மிளகு அரித்த கை, தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"என்ன நிறத்துல இருந்துச்சு?" என்று கேட்டாள். "போகும்போது மைக்கருப்பு. அந்தப் பக்கத்து வெயிலுக்கு வெளுத்துரும்னு சொல்வாங்க. வெளுத்திருந்துச்சா? சுருட்டை அப்படியே இருந்துச்சா? சொல்லுங்க. நீங்க பாத்தத எனக்குச் சொல்லுங்க, போதும்."

கில்பர்ட் செருப்பைத் தரையில் வைத்தார்.

"நான் பாக்கல, அவிஸ்."

"ஏன்?"

"அடித்தட்டு இருட்டுல கையில வச்சு அமுக்கினான், அப்படியே உள்ள விட்டுட்டேன். வெளிச்சத்துல எடுத்துப் பாத்திருக்கலாம், ஒரு நிமிசம் இருந்துச்சு." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்து உன்னோட சேந்து பாக்கலாம்னு வச்சுட்டேன்."